நத்தை அக்காவும் திட்டி வாசலும்

எங்க அக்காவை ஊர்ல நத்தைன்னு கூப்பிடுவாங்க. முகத்துக்கு நேரா ‘நத்தை அக்கா’, அவ அந்தப் பக்கம் திரும்பினதும் வெறும் நத்தை. ரெண்டும் அவளுக்குத் தெரியும். ரெண்டுக்கும் சிரிப்பா. கோவம் வரவேண்டிய இடத்துல சிரிக்கிற பொம்பளைகிட்ட கொஞ்சம் தள்ளியே நிக்கணும்னு நான் சின்ன வயசுலயே கத்துக்கிட்டேன், கூடப் பொறந்த பாவத்துக்கு. அந்த ஹோட்டல் மேனேஜருக்கு அக்கா கிடையாது போல. அவர் கத்துக்க நாளாச்சு.

அவ யூனிபார்ம் தைக்கிற கம்பெனியில காலர் தைச்சவ. காலர் மட்டும்தான். கை, பை, பட்டன் எல்லாம் வேற வேற ஆளுங்க. ஒரு முழுச் சட்டையை அவ தைச்சுப் பாத்ததே இல்ல. முதுகுக்குப் பின்னாடி ஒரு சூப்பர்வைசர் நின்னுக்கிட்டு “சீக்கிரம், சீக்கிரம்”னு சொல்லிக்கிட்டே இருப்பான். அவன் கல்யாணத்துல தாலி கட்டறப்பவும் அதையேதான் சொன்னான்னு கம்பெனியில பேச்சு. வேலையை விட்ட அன்னைக்கு அக்கா வீட்டுக்கு வந்து, செருப்பைக் கழட்டிப் போட்டுட்டுச் சொன்னா: “இனிமே எவனும் என்னைப் பாத்து சீக்கிரம்னு சொல்லக் கூடாதுடா. சொன்னா கடிச்சு வச்சிருவேன்.”

கொஞ்ச நாள்ல மச்சானுக்கு நெஞ்சு வலி வந்துச்சு. மச்சான் பஸ் டிரைவர், ஆயுசு பூரா உக்காந்தே சம்பாதிச்சவரு. டாக்டரு, “மெதுவா சைக்கிள் ஓட்டுங்க, மூச்சு வாங்காம ஓட்டுங்க”ன்னாரு. தனியா விட்டா இந்த மனுஷன் முன்னாடி போற லாரியை முந்தப் பாப்பாருன்னு அக்காவும் ஒரு சைக்கிளை எடுத்துக்கிட்டுக் கூடவே கிளம்பினா. அப்படித்தான் ஆரம்பிச்சது. ரெண்டு பேரும் கடலோரமாப் போறதைப் பாத்துட்டு, முட்டி வலிக்காரங்களா வந்து சேந்தாங்க. ரிட்டயர்டு டீச்சரம்மா வந்தாங்க. சக்கரை ஏறின பேங்க் ஆபீசர் வந்தாரு. அப்புறம் வெளியூருக்காரங்க, கோட்டையையும் கல்லறையையும் பாக்க வர்றவங்க, “நாங்களும் வரலாமா?”ன்னு கேட்டாங்க. லைட் ஹவுஸ் திருப்பத்துல இருக்கிற என் பங்ச்சர் கடையில வாடகை சைக்கிள் வந்து நின்னதும் அதனாலதான். அக்கா புண்ணியத்துல எனக்கும் ரெண்டு வேளை சோறு மூணு வேளை ஆச்சு.

அவ வண்டி ஓட்டுற முறையே வேற. கூட்டத்துல யாரு ரொம்ப மெதுவோ அவங்கதான் முன்னாடி. அவங்களை யாரும் தாண்டக் கூடாது. அக்கா கடைசியில வருவா. எல்லாரும் வாய் மூடாம பேசிக்கிட்டு வரணும். பேச்சு நின்னுச்சுன்னா அக்கா பின்னாலேர்ந்து கத்துவா: “ஏன் சத்தத்தைக் காணோம்? வேகமாப் போறீங்களா?” பேச மூச்சு இல்லன்னா வேகம் ஜாஸ்தின்னு அவ கணக்கு. ஊர்க் கதை, மருமக கதை, யாரு வீட்டை வித்தா, யாரு யாரோட ஓடினான்னு அத்தனையும் அந்தக் கடலோரப் பாதையிலதான் பரிமாறினாங்க. முழுசாக் கேக்கறதுக்காகவே நான் சில நாள் கடையைச் சாத்திட்டுப் போயிருக்கேன்.

வழியும் நல்ல வழி. லைட் ஹவுஸ்லேர்ந்து கிளம்பினா, கூரை போன உப்புக் கிடங்கு. அதைத் தாண்டி சவுக்குத் தோப்புக்குள்ள வெளிநாட்டுச் சிப்பாய்ங்க கல்லறை. அங்க அக்கா எல்லாரையும் இறக்கி விடுவா. தேதியும் சண்டையும் அவளுக்குத் தெரியாது. ஒரு கல்லைத் தொட்டுக் காட்டி, “இவனுக்கு வயசு பத்தொம்பது. காய்ச்சல்ல போயிட்டான். இவன் செத்தது இவங்கம்மாவுக்குத் தெரியறதுக்குள்ள அவ இவனுக்கு எத்தனை ஸ்வெட்டர் பின்னினாளோ”ன்னு சொல்வா. மீசை வச்ச ஆளுங்கல்லாம் கர்ச்சீப்பைத் தேடுவாங்க. தெரியாததைக் கேட்டா, “தெரியாது”ன்னுடுவா. அதுலயும் ஒரு கெத்து.

கல்லறையை விட்டா கோட்டை. ஊர்ப் பக்கத்துப் பெரிய கதவு எப்பவோ விழுந்து போச்சு, யாரும் போலாம். முற்றத்தைக் குறுக்கே கடந்தா, கடல் பக்கத்துச் சுவர்ல ஒரு சின்ன வாசல். திட்டி வாசல்னு சொல்வாங்க, ஒரு ஆளு குனிஞ்சு வர்ற உயரம், அகலம் மட்டும் தாராளம். அதைத் தாண்டினா கடற்கரைப் பாதை, பழைய சுங்கச் சாவடி, மீன்காரங்க தெரு. அந்த வாசலை விட்டா அந்தப் பக்கம் போக நெடுஞ்சாலை ஒண்ணுதான்.

இப்பச் சண்டைக்கு வருவோம். அந்த வாசலுக்கு வெளிய, கடல் பக்கமா, ஒரு பெரிய ஹோட்டல் வந்துச்சு. வந்தா வந்துட்டுப் போகட்டும். ஆனா வந்த கையோட திட்டி வாசலுக்குள்ள ஒரு இரும்புக் கூண்டை நட்டாங்க. சுத்துற கதவு. ஒரு ஆளு உள்ள நின்னு தள்ளினா, பாதி சுத்தி அந்தப் பக்கம் துப்பி விடும். மனுஷன் போலாம். சைக்கிள் போகாது. மீதி இடத்துல ஹோட்டல் தள்ளுவண்டிக்கு ஒரு பூட்டின இரும்புக் கதவு. பக்கத்துல பலகை: ‘சைக்கிள்களுக்கு அனுமதி இல்லை.’ ஒரு வாட்ச்மேன் வேற.

மீன்காரம்மா அதுவரைக்கும் கேரியர்ல கூடையைக் கட்டிக்கிட்டு அந்த வழியாத்தான் மார்க்கெட்டுக்குப் போகும். இப்ப சைக்கிளை அந்தப் பக்கம் போட்டுட்டுத் தலையில கூடையோட நடந்துச்சு. ஸ்கூல் பிள்ளைங்களும் நடந்துச்சுங்க. ஊர் ஆபீஸ்ல போய்க் கேட்டதுக்கு, “பாக்கறோம்”னாங்க. அவங்க பாக்கறேன்னா கண்ணை மூடிக்கிட்டுப் பாக்கறதுன்னு அர்த்தம்.

அக்கா ஒரே ஒரு நாள் கூட்டத்தை நெடுஞ்சாலை வழியாக் கூட்டிக்கிட்டுப் போய்ப் பாத்தா. லாரிக்காரன் பின்னாடி வந்து அடிச்ச ஹாரன்ல பேங்க் ஆபீசர் சைக்கிளோட சாக்கடைக்குள்ள போயிட்டாரு. எந்திரிச்சு வந்து, “எனக்கு ஒண்ணும் இல்ல, ஒண்ணும் இல்ல”ன்னு சொல்லிக்கிட்டே சட்டைச் சேத்தை வழிச்சாரு. அன்னைக்கு யாருமே பேசல. அக்கா திரும்பி வந்து என் கடை பெஞ்சில உக்காந்தா.

“அந்த வழி செத்துச்சுன்னா இந்தச் சவாரி செத்துச்சுடா. இவங்கள்ல ஒருத்தரைக் கூட நான் அந்த ரோட்டுல திரும்பக் கூட்டிட்டுப் போக மாட்டேன்.”

“அப்ப என்ன பண்ணப் போற?”

“யோசிக்கிறேன். நீ வாயை மூடிக்கிட்டு டீ வாங்கு.”

அவ யோசிச்சு முடிக்கறதுக்கு முன்னாடி மேனேஜரே வீட்டுக்கு வந்துட்டாரு. டை கட்டின ஆளு, நல்ல பருமன். நடக்கும்போது வயிறு முதல்ல வந்து சேரும். கூட வழிகாட்டிக்கிட்டு வந்தது யாருங்கறீங்க? எங்க மாப்பிள்ளை. அக்கா பொண்ணைக் கட்டினவரு. அவரு சலவைக் கம்பெனி வச்சிருக்காரு. ஹோட்டல் படுக்கை விரிப்பு, தலைகாணி உறை, துண்டு மொத்தமும் அவருகிட்டதான் வெளுக்கப் போகுது. அதை நம்பித்தான் புது மெஷினே வாங்கினாரு.

மேனேஜர் நாற்காலியில பாதி உக்காந்து பேசினாரு. “மேடம், நீங்க எங்ககிட்டயே வேலைக்கு வந்துடுங்க. எங்க கெஸ்டுக்கு மட்டும் சுத்திக் காட்டுங்க. யூனிபார்ம் குடுக்கறோம். புது சைக்கிள் குடுக்கறோம்.”

“யூனிபார்ம்ல காலர் இருக்குமா?”ன்னா அக்கா.

“இருக்கும் மேடம்.”

“யாரு தைச்சது?”

அவருக்கு ஒண்ணும் புரியல. மாப்பிள்ளை தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. அக்கா விடல. “சார், டீச்சரம்மா, ஆபீசர், மீன்காரம்மா, ஸ்கூல் பிள்ளைங்க, இவங்கல்லாம்?”

“அவங்க ரோட்டு வழியாப் போகட்டும் மேடம். பாதுகாப்பு முக்கியம் இல்லையா?”

“யாருக்கு யாருகிட்டேர்ந்து பாதுகாப்பு? டீச்சரம்மா உங்க துண்டைத் தூக்கிட்டு ஓடிருவாங்களா? அவங்களால நடக்கவே முடியாது.”

மச்சான் உள்ளேர்ந்து கிளம்பின சிரிப்பை இருமலா மாத்தினாரு. மேனேஜர் எந்திரிச்சிட்டாரு. வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, “ரூல்னா ரூல்தான் மேடம். அந்தக் கேட்டு வழியா சைக்கிள் போகாது”ன்னாரு. அக்கா சிரிச்சா. நான் மனசுக்குள்ள, ஐயோ பாவம் சார் நீங்கன்னு நெனச்சுக்கிட்டேன்.

மறுநாள் காலையில கடைக்கு வந்து நின்னா. “டேய், ஸ்பேனர் இல்லாம, கையாலயே திருகிக் கழட்டற மாதிரி நட்டு இருக்காமே? காது வச்ச நட்டு. எல்லா வண்டிக்கும் மாத்து. முன் சக்கரம், பின் சக்கரம், சீட்டு, ஹேண்டில் பாரு. எல்லாம் கழண்டு வரணும்.”

“எதுக்குக்கா?”

“சைக்கிளுக்குத்தானே அனுமதி இல்ல?”

எனக்கு அப்பதான் உறைச்சது. அன்னைக்கே உக்காந்து மாத்த ஆரம்பிச்சேன். கை காப்புக் காய்ச்சிப் போச்சு. ஆனா இந்தக் கூத்தைப் பாக்காம செத்தா கட்டை வேகாதுன்னு அவங்களோட நானும் ஸ்பேனர் பையைத் தூக்கிக்கிட்டுக் கிளம்பிட்டேன்.

கோட்டை முற்றத்துல எல்லாரும் இறங்கினாங்க. அக்கா ஒரு பழைய சாக்கை விரிச்சா. டீச்சரம்மா மூக்குக் கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டுச் சக்கரத்தைக் கழட்டினாங்க. ஆபீசர் செயினைப் பிடிச்சு, அந்தக் கையாலயே நெத்தியைத் துடைச்சு, கரும்புள்ளி செம்புள்ளி குத்தின மாதிரி நின்னாரு. வாட்ச்மேன் வாயைப் பொளந்துக்கிட்டுப் பாத்தான்.

“அக்கா, சைக்கிள் விடக் கூடாதுன்னு ஆர்டர்.”

“சைக்கிள் எங்கப்பா இருக்கு? காட்டு பாப்போம்.”

அவன் பாத்தான். டீச்சரம்மா இடுப்புல ஒரு சக்கரம். ஆபீசர் தோள்ல ஒரு ஃப்ரேமு. மச்சான் கையில சீட்டு, கோழியைப் பிடிச்ச மாதிரி. வாட்ச்மேன் போனை எடுத்தான். “சார், வந்துட்டாங்க சார்... சைக்கிள் இல்ல சார்... சக்கரம் சார்... ஆமா சார், தனியா... இல்ல சார், மத்ததும் இருக்கு, அதுவும் தனியா... சார், பலகையில சக்கரம்னு போடல சார்...” அந்தப் பக்கம் போனை வச்சுட்டாங்க போல. வாட்ச்மேன் எங்களைப் பாத்து, “போங்க”ன்னான். அவனும் மீன்காரங்க தெரு ஆளுதான். அவன் சைக்கிளும் கேட்டுக்கு வெளிய வெயில்லதான் காஞ்சுக்கிட்டுக் கெடந்துச்சு.

ஒவ்வொரு ஆளா, ஒவ்வொரு சாமானா, கூண்டு சுத்துச்சு. அந்தப் பக்கத்துலேர்ந்து கோட்டையைப் பாக்க வந்த ஹோட்டல் கெஸ்டுங்க வரிசையா நின்னு வேடிக்கை பாத்தாங்க. வேற வழி? கூண்டுல ஒரு நேரத்துக்கு ஒரு ஆளுதானே போக முடியும். அக்கா அவங்களைப் பாத்து, “கொஞ்சம் பொறுங்க சாமி, எங்களுக்கு அவசரம் கிடையாது”ன்னா.

மாட்டறதுலதான் வந்துச்சு வினை. முதல் தடவை மாட்டறவங்க எல்லாரும் பண்ற தப்பு ஒண்ணு இருக்கு. முன் சக்கரத்தைப் பிடிக்கிற ஃபோர்க்கு பின்பக்கமாத் திரும்பி இருக்கறதைக் கவனிக்காம ஹேண்டில் பாரை நேரா மாட்டிடுவாங்க. பாக்க எல்லாம் சரியாத் தெரியும். ஏறி மிதிச்சாத்தான் சக்கரம் வந்து கால்ல இடிக்கும். டீச்சரம்மா அப்படித்தான் மாட்டிட்டாங்க. ஏறினாங்க. “ஐயோ, வண்டி என்னை உதைக்குது!”ன்னு கத்திக்கிட்டே, வளைஞ்சு நெளிஞ்சு, ஹோட்டல் புல்வெளிக்குள்ள போய், காலை டிபன் சாப்பிட்டுக்கிட்டிருந்த ஒரு ஜோடி மேசைக்கிட்ட நின்னாங்க. இல்ல, மேசைதான் அவங்களை நிறுத்துச்சு.

அந்த ஜோடி வெளியூரு. ஆளு பனை மரம் உயரம், வீட்டம்மா அவரு முழங்கை உயரம். ரெண்டு பேரும் அடிபட்டுச்சான்னு விசாரிச்சு, டீச்சரம்மாவுக்குக் காபி ஊத்திக் குடுத்து, கதை கேட்டாங்க. டீச்சரம்மாவுக்கு வகுப்பு எடுக்கச் சொல்லித் தரணுமா? சிப்பாய் ஸ்வெட்டர்லேர்ந்து கூண்டு வரைக்கும் மொத்தத்தையும் சொல்லிட்டாங்க.

“எங்களுக்கும் ஹோட்டல்ல சைக்கிள் குடுத்திருக்காங்க”ன்னாரு உயரக்காரரு. “ஆனா அதை வச்சு இந்தப் புல்லைத்தான் சுத்த முடியுது. கோட்டைக்குப் போகணும்னா கேட்டுல விடறதில்ல.”

பாத்தீங்களா கூத்தை? பளபளன்னு ஒரு கொட்டகை நிறைய சைக்கிள் வாங்கி வச்சிருக்காங்க, விளம்பரத்துல ‘சரித்திரக் கடற்கரையில் சைக்கிள் சவாரி’ன்னு போட்டிருக்காங்க, கேட்டுல சைக்கிளை விடக் கூடாதுன்னு பலகையும் அவங்களே வச்சிருக்காங்க. அக்கா என் பைக்குள்ள கையை விட்டு ஒரு ஸ்பேனரை எடுத்து அந்த வீட்டம்மா கையில குடுத்தா. “இந்தாங்க. கழட்டப் பழகிக்கோங்க.”

அதுக்கப்புறம் ஹோட்டலுக்குள்ள நடந்ததை வாட்ச்மேன் வந்து வந்து சொல்வான். இன்னைக்கு நாலு பேரு புல்லுல உக்காந்து ஹோட்டல் சைக்கிளைக் கழட்டினாங்களாம். இன்னைக்கு ரூமுக்குள்ளயே கழட்டி வச்சுட்டாங்களாம். விரிப்பெல்லாம் கிரீஸாம். அந்த விரிப்பு யாருகிட்ட வெளுக்கப் போகும்? நம்ம மாப்பிள்ளைகிட்டதான். மீன்காரம்மாவும் கழட்ட ஆரம்பிச்சுது. கூடையோட, சக்கரத்தோட, மீன் வாடையோட கூண்டு சுத்துறப்ப கெஸ்டுங்க மூக்கைப் பொத்திக்கிட்டு வரிசையில நிப்பாங்க.

மேனேஜருக்குத் தாங்கல. ஒரு நாள் என் கடைக்கே வந்தாரு. அக்கா அப்ப பெஞ்சில உக்காந்து நட்டுக்கு எண்ணெய் விட்டுக்கிட்டிருந்தா. கூண்டுக்குப் பக்கத்துல இருக்கிற அந்தத் தள்ளுவண்டிக் கதவோட சாவியை மேசை மேல வச்சாரு.

“மேடம், இது உங்களுக்கு. காலையில திறந்து உங்க ஆளுங்களைக் கூட்டிட்டுப் போங்க, பூட்டிடுங்க. விஷயம் முடிஞ்சது.”

நான் சாவியையே பாத்தேன். அப்பாடா, ஜெயிச்சாச்சுன்னு நெனச்சேன். காப்புக் காய்ச்சின கை எனக்குத்தானே வலிக்குது.

“மீன்காரம்மாவுக்கு?”ன்னா அக்கா.

“மேடம், எல்லாருக்கும் சாவி குடுத்தா அப்புறம் கேட்டு எதுக்கு?”

“அதைத்தானே நானும் கேக்கறேன். கேட்டு எதுக்கு?”

“உங்களுக்குக் குடுக்கறேன்ல?”

“நீங்க குடுத்தா நாளைக்கு நீங்களே புடுங்கிக்கலாம். அந்த வழி உங்க வீட்டுக் கொல்லைப்புறமா, என்கிட்ட சாவி குடுத்து வைக்க? எடுத்துட்டுப் போங்க சார். எண்ணெய்க் கறை படும்.”

மேனேஜர் மூஞ்சி சிவந்து போச்சு. சாவியை எடுத்துக்கிட்டு, கதவுகிட்ட நின்னு, “சலவைக்கு வேற ஆளு பாக்க வேண்டியிருக்கும், மேடம்”னாரு. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு. மரியாதையாச் சொன்னாத்தானே ஆழமாப் பாயும்.

அன்னைக்கு மத்தியானமே அக்கா பொண்ணு வீட்டுக்கு வந்துட்டா. செருப்பைக் கூடக் கழட்டல.

“அம்மா, உனக்கு சைக்கிள் ஓட்டணும்னா இந்த ஊர்ல வேற ரோடே இல்லையா? அவரு மெஷின் முன்னாடி உக்காந்துக்கிட்டு அழறாரும்மா. ஆம்பளை அழறதை நான் எப்படிப் பாக்கறது? சாவி குடுத்தாங்கல்ல? வாங்கித் தொலைச்சா என்ன?”

“உன் புருஷன் துணி துவைக்கறது நல்ல வேலை. அதுக்காக ஊரு நடக்கற வழியை நான் விக்க முடியாது.”

“ஊரு! ஊருதான் உன்னை நத்தைங்குது!”

“இருந்துட்டுப் போறேன்.”

“அப்ப நாங்க யாரும்மா உனக்கு?”

அக்கா ஒரு சக்கரத்தை எடுத்து மடியில வச்சுத் துடைக்க ஆரம்பிச்சா. பொண்ணு அழுதுக்கிட்டே என்னைப் பாத்து, “மாமா, நீங்களாவது சொல்லுங்க”ன்னா. நான் எதையோ தேடற மாதிரி பைக்குள்ள தலையை விட்டுக்கிட்டேன். அவ போனப்புறம் அக்கா அதே சக்கரத்தைத் திரும்பத் திரும்பத் துடைச்சுக்கிட்டே இருந்தா. கடைசியில, “ஒரு வாய் தண்ணி கூடக் குடிக்காமப் போயிட்டாடா”ன்னா. கொஞ்சம் கழிச்சு, “நாளைக்கும் போறோம்”னா.

போனோம். அன்னைக்கு மேனேஜரே வாசல்ல நின்னாரு. எங்க பக்கமா, கோட்டை முற்றத்துல நின்னுக்கிட்டு ரெண்டு கையையும் விரிச்சாரு. “இன்னைக்கு ஒரு சாமானும் போகாது. போறதா இருந்தா என்னைத் தாண்டிப் போங்க.” சொல்லிட்டு, சினிமாவுல வர்ற மாதிரி, அடைச்சு நிக்கறேன்னு கூண்டுக்குள்ளயே ஏறிட்டாரு. கூண்டுக்கு அவரு கொஞ்சம் ஜாஸ்தி.

அந்தப் பக்கம் நம்ம உயரக்காரரு. அவருக்கு இது எதுவும் தெரியாது. எங்களோட சேந்துக்கணும்னு, கழட்டின ஹோட்டல் சைக்கிள் ஃப்ரேமைக் கூண்டோட அந்தப் பக்கத்துத் தடுப்புக்குள்ள நிக்க வச்சு, ஒரு தள்ளுத் தள்ளினாரு. கூண்டு சுத்துச்சு. மேனேஜர் “ஏய், ஏய்!”ன்னாரு. ஃப்ரேமோட பெடல் போய்க் கூண்டைச் சுத்தி நட்டிருந்த கம்பிக்குள்ள மாட்டுச்சு. கூண்டு நின்னு போச்சு. இந்தப் பக்கமும் திறக்கல, அந்தப் பக்கமும் திறக்கல. நடுவுல டையோட மேனேஜரு.

தள்ளிப் பாத்தாங்க, இழுத்துப் பாத்தாங்க. ஊஹூம். மீன்காரம்மா கூடையை இறக்கி வச்சுட்டு வசதியா உக்காந்துச்சு. “சாருக்குக் காத்து வருதா?”ன்னு கேட்டுச்சு. ஆபீசர், “சார், கம்பியைப் பிடிக்காதீங்க, பாக்கறவங்க வேற மாதிரி நெனப்பாங்க”ன்னாரு. யாரும் சிரிக்கல. சிரிக்காம இருக்கறதுக்கு எல்லாரும் பட்ட பாடு இருக்கே.

மேனேஜர் சட்டை நனைஞ்சு போச்சு. “மேடம், ப்ளீஸ். உங்க தம்பி மெக்கானிக்தானே? கழட்டச் சொல்லுங்க. மாப்பிள்ளை ஆர்டர் நாளைக்கே திரும்பத் தரேன். சாவியும் தரேன்.”

நான் அக்கா முகத்தைப் பாத்தேன். அந்த ஒரு நிமிஷத்துல அவ என்ன கேட்டாலும் கெடைச்சிருக்கும். பொண்ணு கண்ணீருக்கு மருந்தும் அங்கதான் கம்பிக்குள்ள நின்னுச்சு. அவ முகம் ஒரு மாதிரி ஆச்சு. அப்புறம் சொன்னா: “அடைஞ்சு கெடக்கற மனுஷன்கிட்ட நான் பேரம் பேச மாட்டேன் சார். முதல்ல வெளிய வாங்க. டேய், கழட்டு.”

பெடல் கம்பிக்குள்ள வசமா மாட்டியிருந்துச்சு. கூண்டையே கழட்டினாத்தான் ஆச்சு. வாட்ச்மேன் ஓடி வந்து, “அடியில போல்ட்டு இருக்குண்ணே. துரு இல்ல, நான் தினம் எண்ணெய் விடறேன்”னான். எதுக்குடா தினம் எண்ணெய் விட்டன்னு நான் கேக்கல. ரெண்டு பேருமாக் கழட்டி, மச்சானும் உயரக்காரரும் பிடிக்க, கூண்டை அலேக்காத் தூக்கிப் புல்லுல சாச்சோம். மேனேஜர் வெளிய வந்தாரு. டையைச் சரி பண்ணினாரு. வாசல் தொறந்து கெடந்துச்சு, அந்தப் பக்கம் கடல் தெரிஞ்சுது.

“இது ரிப்பேருக்காகத்தான். நாளைக்கே மாட்டிடுவோம்”னாரு.

“மாட்டுங்க”ன்னா அக்கா. “நாங்களும் நாளைக்கு வருவோம்.”

மாப்பிள்ளை ஆர்டர் திரும்ப வரல. வெளிய வந்த மனுஷனுக்கு உள்ள சொன்னது மறந்து போச்சு. மாப்பிள்ளை இப்ப ஆஸ்பத்திரித் துணி எடுக்கறாரு, லாபம் பாதிதான். அத்தைகிட்ட நேராப் பேசறதில்ல. “அத்தைக்கு மாத்திரை வாங்கியாச்சான்னு கேளுங்க”ன்னு என்கிட்ட கேப்பாரு, அத்தை பக்கத்துலயே உக்காந்திருக்கறப்ப. பொண்ணு பேசறா, ஆனா சைக்கிள் பேச்சு எடுத்தா எந்திரிச்சுப் போயிடுவா.

கூண்டு கதை மறுநாள்தான் முடிஞ்சது. நாங்க போறப்பவே கொத்தனார் ஒருத்தர் சிமெண்டும் கரண்டியுமா வந்து உக்காந்திருந்தாரு, கூண்டைத் திரும்ப நட. மேனேஜர் தூரத்துல, ஹோட்டல் படிக்கட்டுல நின்னு பாத்தாரு. அக்கா வண்டியைச் சரியா வாசலுக்கு நடுவுல நிறுத்தினா.

“எல்லாரும் இறங்குங்க. இன்னைக்கு இந்த வாசலைப் பத்தி முழுசாச் சொல்லப் போறேன். அவசரப்படாம உக்காருங்க.”

உக்காந்தாங்க. வாசலுக்குள்ள, படியில, சுவரோரமா. மீன்காரம்மா அன்னைக்கு மீனை யாரோ கிட்டக் குடுத்து விட்டுட்டு உக்காந்துச்சு. ஸ்கூல் லீவு, பிள்ளைங்களும் வந்துச்சுங்க. உயரக்காரரும் வீட்டம்மாவும் சைக்கிளைக் கழட்டாமலே உருட்டிக்கிட்டு வந்தாங்க. அக்கா ஆரம்பிச்சா. இந்தக் கோட்டையை யாரும் சண்டை போட்டுப் பிடிக்கலயாம். சமையல்காரனைக் கைக்குள்ள போட்டுக்கிட்டு இந்த வாசல் வழியாத்தான் வந்தானுங்களாம். அது நெசமான்னு டீச்சரம்மா கேட்டாங்க. “தெரியாது. ஆனா யாருக்காவது வேற தெரிஞ்சா சொல்லட்டும், கேப்போம்”னா. ஆபீசர் ஒண்ணு சொன்னாரு. மச்சான் அது இல்லன்னாரு. மீன்காரம்மா அவங்க தெருவுல சொல்ற கதையை எடுத்து விட்டுச்சு, அதுல ஒரு தாசில்தாரும் அவரோட ரெண்டாவது சம்சாரமும் வந்தாங்க. அதுக்கப்புறம் யாரும் எந்திரிக்கவே இல்ல.

கொத்தனார் கொஞ்ச நேரம் கரண்டியால சட்டியைத் தட்டிக்கிட்டு நின்னாரு. அப்புறம் தாசில்தார் என்ன ஆனாருன்னு கேட்டுக்கிட்டே அவரும் வந்து உக்காந்துட்டாரு. வெயில் ஏறுச்சு. சட்டியில குழைச்ச சிமெண்டு கல்லாப் போச்சு. படிக்கட்டுல நின்ன மேனேஜரு கையை ஆட்டி ஆட்டிப் பாத்தாரு. கொத்தனார் எந்திரிச்சு, பின்னாடி மண்ணைத் தட்டி விட்டுட்டு, முற்றத்துப் பக்கம் சுவத்துல சாத்தி வச்சிருந்த அவரோட சைக்கிளை எடுத்தாரு.

“நானும் அந்தப் பக்கத்துத் தெருதான் அக்கா”ன்னாரு. “கொஞ்சம் நகருங்க, சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போகணும்.”

எல்லாரும் காலை மடக்கி வழி விட்டாங்க. அவரு தலையைக் குனிஞ்சு, மணி அடிச்சுக்கிட்டே, வண்டியை விட்டு இறங்காமலே வாசல் வழியாப் போனாரு. சாப்பிட்டுட்டு அந்த வேலைக்குத் திரும்பி வரல.